ரதி கட்டிய கூறைச்சேலை

இலங்கை மலைநாட்டில், அக்கரப்பத்தனைப் பக்கத்து அந்தத் தேயிலைத் தோட்டத்தில் காமன் கூத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் அழகன் பெயர்தான் முதலில் வரும். அவன் ரதி வேஷம் கட்டி அழுதால் கல்லும் கரையும் என்பார்கள். அந்தப் பேச்சு பேச்சியம்மா காதில் விழுந்தால், வாயில் இருக்கிற வெற்றிலை எச்சிலைத் தண்ணீர் ஓடுகிற கானில் துப்பிவிட்டு அவள் பாட்டுக்குப் போவாள். துப்பாமல் என்ன செய்வாள்? அவன் அழுத அழுகையில் ஒரு வரிகூட அவனுடையது இல்லை. கட்டியிருந்த சேலையும் அவனுடையது இல்லை. இரண்டும் அவளுடையவை. பன்னிரண்டு மாசி மாதம் அவள் எழுதினாள், அவன் பொம்பளையாக நின்று அழுதான், ஊர் அவனுக்கு மாலை போட்டது.

பேச்சியம்மா கொழுந்து எடுக்கிறவள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரை படித்தவள். அந்தக் காலத்தில் ஒரு பெண்பிள்ளைக்கு அது பெரிய படிப்பு. வரிசை வீடுகளான லயத்து ஆம்பளைகள் திருச்சிப் பக்கம் சொந்தக்காரர்களுக்குக் கடிதம் போட வேண்டுமென்றால் அவளிடம்தான் வருவார்கள். மகனாகவும் எழுதுவாள், தகப்பனாகவும் எழுதுவாள். கோபித்துக்கொண்டு போன மச்சானுக்கு மச்சானாகவும் எழுதுவாள். "நான் சொன்னதவிட நீ எழுதுனதுதான் தங்கச்சி நான் நெனச்சது" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அவளுக்கு அதில் ஒரு பெருமை இருந்தது. புருஷன் செல்லசாமிதான் கேலி பண்ணுவான். "எனக்கு எழுதிறாத தாயே, நான் மனசுல நெனக்கிறது எனக்குள்ளயே இருக்கட்டும்" என்பான்.

அந்தச் செல்லசாமி ஐம்பத்திரண்டாம் வருஷம் ஐப்பசியில் செத்துப்போனான். மூன்று நாளாக விடாத மழை. மலையில் நிழலுக்கு நட்ட மரங்களில் கொப்பு வெட்டுகிற வேலை அவனுக்கும் அழகனுக்கும். அன்றைக்குக் காலையில் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, "மரமெல்லாம் பாசி, இன்னைக்கு ஏறச் சொன்னா மாட்டேன்னு சொல்லிருவேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனான். பத்து மணிக்கு அவனைச் சாக்கில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

மாட்டேன் என்றவன் எப்படி ஏறினான்? பேச்சியம்மா கேட்டது இந்த ஒரு கேள்வியைத்தான். அதற்குப் பதில் சொல்லக்கூடியவர்கள் இரண்டு பேர். ஒருவர், குடையைப் பிடித்துக்கொண்டு கீழே நின்று வேலை வாங்கிய கணக்கப்பிள்ளை கணேசமூர்த்தி. இன்னொருவன், பக்கத்து மரத்தில் இருந்த அழகன். தோட்டத்துத் துரை ஆபீசில் கூப்பிட்டு விசாரித்தபோது, செல்லசாமி குடித்துவிட்டு வந்து சொல்லச் சொல்லக் கேட்காமல் ஏறினான் என்றார் கணக்கப்பிள்ளை. ஆமாம் துரைங்க, சாராய வாசம் அடித்தது என்று சொல்லி அழகன் கட்டை விரலை மையில் உருட்டினான். அவ்வளவுதான். செல்லசாமி குடிகாரனாகிவிட்டான். தீபாவளிக்குக்கூட ஒரு சொட்டுத் தொடாதவன், சொல்ல வாயில்லாத நேரம் பார்த்துக் குடிகாரனாக்கப்பட்டான்.

சாவு வீட்டில் அவள் அடக்கிக்கொள்ளவில்லை. ஒப்பாரியிலேயே கேட்டாள்.

"ஈரக் கொப்புன்னு சொன்னீகளே – என் ராசா
ஏறமாட்டேன்னு போனீகளே
ஏறச் சொன்ன சீமான் – இன்னிக்கு
எட்ட நின்னு பாக்குறாரே."

மாரடித்த பெண்களின் கைகள் அப்படியே நின்றுவிட்டன. வாசலில் நின்ற கணேசமூர்த்தி தொப்பியைப் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார். காரியம் முடிந்து அவள் வேலைக்குப் போனாள். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் எல்லார் பெயரையும் கூப்பிட்டார்கள், அவள் பெயரை மட்டும் கூப்பிடவில்லை. ஒன்பது நாள் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு போய் நின்று, பெயர் வராமல், வேலையும் சம்பளமும் இல்லாமல் திரும்பி வந்தாள். பத்தாம் நாள் கூப்பிட்டார்கள். வாயை மூடு என்று இதைவிடச் சுருக்கமாக எவராலும் சொல்ல முடியாது.

அடுத்த தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அழகன் லயத்தில் அவளுடைய ஒற்றையறைக் காம்பரா வாசலில் வந்து நின்றான். அவளைவிட ஐந்தாறு வயது சின்னவன். மீசை சரியாக முளைக்காத முகம், மெல்லிய குரல். அந்த மாசிக்கு ரதி வேஷம் அவனுக்கு என்று கூத்து வாத்தியார் ஆண்டியப்பன் சொல்லிவிட்டார்.

"அக்கா, ரதி பொலம்புற பாட்டு பழசு. கேட்டுக் கேட்டு சனத்துக்குப் புளிச்சுப்போச்சு. நீங்க அன்னைக்கு அழுதீங்களே, அதுமாதிரி எனக்கு எழுதிக் குடுங்களேன்" என்றான்.

அடுப்பில் எரிந்துகொண்டிருந்த விறகை எடுத்து அவன் மூஞ்சியில் வைக்கலாமா என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. புருஷனைக் குடிகாரன் என்று விரலை உருட்டிவிட்டு, அவனுக்காக அழுத அழுகையையும் தூக்கிக்கொண்டு போக வந்திருக்கிறான். ஆனால் விறகு கையில் இருக்கும்போதே இன்னொரு யோசனை வந்தது. இவனே அழட்டும். எந்த வாய் பொய் சொன்னதோ அந்த வாய் ஊர் நடுவில் செல்லசாமிக்குப் பெண்டாட்டியாக நின்று கதறட்டும். வருஷா வருஷம் கதறட்டும்.

"எழுதித் தாரேன். சேலை இருக்கா?" என்று கேட்டாள்.

"கூத்துச் சேலைய எலி கடிச்சிருச்சுக்கா."

பெட்டியைத் திறந்து தன் கூறைச்சேலையை எடுத்து அவன் மேல் வீசினாள். அரக்குச் சிவப்பு, மஞ்சள் கரை. அவன் அதைப் பிடித்துக்கொண்டு நின்றான். விரித்துப் பார்க்கக் கூசியதை அவள் பார்த்தாள். கூசட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

காமன் கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். தவத்தில் இருக்கிற ஈஸ்வரனை எழுப்ப வேண்டும் என்று தேவர்கள் மன்மதனை அனுப்புகிறார்கள். ஈஸ்வரன் நெற்றிக்கண்ணைத் திறந்து அவனை எரித்துவிடுகிறார். ரதி அழுகிறாள். மூன்றாம் நாள் அவள் கேட்கிற வரத்துக்கு இரங்கி ஈஸ்வரன் உயிர் கொடுக்கிறார். அந்தத் தோட்டத்தில் ரதிகள் எல்லாரும் அதுவரை எரித்த ஈஸ்வரனைப் பார்த்துத்தான் அழுதார்கள். சரிபுதீன் நானா கடையில் வாங்கிய கொப்பியில் பேச்சியம்மா வேறு மாதிரி எழுதினாள். அவளுடைய ரதிக்கு ஈஸ்வரன் மேல் கோபமில்லை. அனுப்பிவிட்டுப் பின்னால் பத்திரமாக உட்கார்ந்திருந்தானே இந்திரன், அவன் மேல்தான் கோபம்.

"தானாகப் போகலையே – என் மன்னவர்
தவம் கலைக்கப் போகலையே
போன்னு சொன்ன இந்திரனார் – அங்கே
பொன்னாசனத்தில் குந்திருக்கார்."

அழகனுக்கு எழுத்துத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவளே வரி வரியாகச் சொல்லிக் கொடுத்தாள். வரி மட்டும் போதாது என்று சீக்கிரமே தெரிந்தது. அவன் முதல் வரியிலேயே நெஞ்சில் ஓங்கி அடித்துக்கொண்டு கத்தினான்.

"எந்தப் பொம்பளைடா இப்படிக் கத்துவா? செய்தி கேட்டதும் அழுகை வராது. அவரு கத்திய எங்க வச்சாருன்னு தேடுவா. அவரு குடிச்சு மிச்சம் வச்ச தேயிலச் சாயத்தண்ணிய ஊத்தலாமா வேணாமான்னு கையில வச்சுக்கிட்டு நிப்பா. அதுக்கப்புறந்தான் காலு மடியும். மடிஞ்சு காட்டு."

அவன் மடிந்து காட்டினான். அவள் சிரிக்கவும் இல்லை, நல்லாயிருக்கு என்று சொல்லவும் இல்லை. "இன்னொருக்கா" என்றாள். பக்கத்துக் காம்பரா வேலாயி எட்டிப் பார்த்து, "என்னாடி, பயலுக்குப் பிரசவமே பாத்துருவ போலிருக்கே" என்று கேலி பண்ணிவிட்டுப் போனாள். நாற்பது தடவை மடியவைத்துத்தான் அவனை விட்டாள்.

மாசிப் பௌர்ணமி வந்தது. காமன் பொட்டலுக்குக் கைம்பெண்கள் கிட்டப் போகக்கூடாது என்பது கட்டு. பேச்சியம்மா மேட்டுக் கானோரம் நின்று பார்த்தாள். காமனை எரித்ததும் அழகன் அவள் சொல்லிக் கொடுத்தபடியே நின்றான், தேடினான், மடிந்தான். பிறகு பாடினான். பெண்கள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார்கள். முன்வரிசை நாற்காலியில் மாலையோடு உட்கார்ந்திருந்த கணேசமூர்த்தி லேஞ்சியை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இந்திரனைப் பற்றிய வரிகள் வந்துவிடும் என்று அவள் காத்திருந்தாள். அவை வரவில்லை. அழகன் அந்த நாலு வரியையும் முழுங்கிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விட்டான்.

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அதோடு விட்டதா? எரித்ததிலிருந்து மூன்று நாள் ரதியும் கைம்பெண்தான். வளையல் உடைத்து, பூவெடுத்து, பொட்டலில் தனியாக உட்கார்ந்திருப்பாள். லயத்துப் பெண்கள் வரிசையாகப் போய் அந்த ரதி காலில் விழுந்து திருநீறு வாங்கினார்கள். பேச்சியம்மா எதிரில் வந்தால் சகுனம் சரியில்லை என்று ஒதுங்கி இரண்டு நிமிஷம் நின்று பிறகு போகிற அதே பெண்கள். முளைத்தும் முளைக்காத மீசையை மழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற கைம்பெண்ணுக்குக் கும்பிடு, நிஜக் கைம்பெண்ணுக்குக் கானோரம். இந்த நியாயத்தை எந்தக் கோயிலில் போய்க் கேட்பது?

கூத்து முடிந்து, ஆண்டியப்பன் பார்க்க வாங்கிய கொப்பியைத் திருப்பிக் கொடுக்க வந்தவனை அவள் உள்ளே விடவில்லை.

"அந்த நாலு வரி எங்கடா?"

"கணக்கப்பிள்ளை ஐயா முன்னுக்கு இருந்தாருக்கா. பாடுனா எனக்கும் பேரு கூப்பிட மாட்டாங்க. வீட்டுல ஆத்தா படுத்த படுக்கை."

"எனக்கு ஒம்பது நாளு கூப்பிடல. நான் செத்தா போனேன்?"

அவன் கொப்பியை வாசற்படியில் வைத்தான்.

"ஒனக்கு மூணு நாளுடா. மூணாம் நாளு புருஷன எழுப்பி, புதுத் தாலி கட்டி, பூ வச்சு வீட்டுக்கு அனுப்பிருவாங்க. மூணு நாளைக்குக்கூட ஒனக்கு உண்மையச் சொல்ல வாய் வரல."

அத்தோடு அவள் விட்டிருக்கலாம். விடவில்லை. அடுத்த தையில் அவன் மறுபடி வந்தான், அவள் மறுபடி எழுதினாள். ஏன் எழுதினாய் என்று வேலாயி ஒருநாள் கேட்டதற்கு, "எம்புருஷனுக்கு அழ வேற எடம் எங்க இருக்கு?" என்றாள். நிஜமும் அதுதான். வருஷத்துக்கு ஒரு நாள் நானூறு பேர் செல்லசாமிக்காக அழுதார்கள், செல்லசாமிக்கு என்று தெரியாமலே அழுதார்கள். அதைப் பார்க்காமலும் அவளால் இருக்க முடியவில்லை, பார்த்துவிட்டுச் சோறு தின்னவும் முடியவில்லை.

ஒவ்வொரு வருஷமும் இந்திரனை வேறு வேறு இடத்தில் ஒளித்து வைத்து எழுதினாள். ஒவ்வொரு வருஷமும் அழகன் தேடிப் பிடித்து அவனை வெளியே தள்ளினான். ஒரு வருஷம் மன்மதனுக்கும் வசனம் எழுதினாள். தேவர்கள் வந்து கூப்பிடும்போது மன்மதன், "மாட்டேன், அது நெருப்பு மலை, நான் போகமாட்டேன்" என்று சொல்கிறான். ஆண்டியப்பன் அதைக் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏம்மா, மன்மதன் மாட்டேன்னு ஒக்காந்துட்டா நான் அப்புறம் யாரம்மா எரிக்கிறது?" என்றார். அவருக்குக் கூத்துக் கவலை. அந்தப் பக்கத்தையும் கிழித்தாயிற்று.

இதற்குள் கணேசமூர்த்தி பெரிய கணக்கப்பிள்ளையாகிவிட்டார். தலை நரைத்தது, வயிறு வைத்தது. ஆனால் மாசிக்கு மாசி முன்வரிசை நாற்காலியும் லேஞ்சியும் மாறவில்லை. "அழகன் அழுகுறப்ப எங்கம்மா ஞாபகம் வந்துருது" என்று எல்லாரிடமும் சொல்வாராம். பேச்சியம்மாவுக்கு அந்த லேஞ்சியை அவர் வாயில் திணிக்க வேண்டும் போல் இருக்கும்.

அறுபத்தைந்தாம் வருஷம் அவர் வேலையை விட்டுவிட்டு இந்தியாவுக்கே போகிறார் என்று செய்தி வந்தது. சித்திரையில் கப்பல். அவர் போய்விட்டால் அப்புறம் யாரிடம் கேட்பது? கணேசமூர்த்தி மரியாதையோடு ஊர் போய்ச் சேருவார், செல்லசாமி இந்த மண்ணில் குடிகாரனாகவே கிடப்பான். பேச்சியம்மாவுக்கு அந்தத் தை மாதம் முழுக்கத் தூக்கமில்லை.

வழக்கம்போல் அழகன் வந்தபோது புலம்பலுக்குப் பழைய பாட்டையே பாடச் சொன்னாள். மூன்றாம் நாள் ஈஸ்வரன் வரம் கேட்கச் சொல்லும்போது ரதி என்ன சொல்ல வேண்டும் என்று அவன் கேட்டான். அவள் கொப்பியை விரித்துக் காட்டினாள். வெறும் தாள்.

"எழுதலையாக்கா?"

"ஒனக்கு நான் பன்னெண்டு வருஷமா எழுதிட்டேன். இது ஒனக்குத் தெரிஞ்சது. எனக்குத் தெரியாது. நீயே சொல்லு."

அவனுக்கும் இப்போது முப்பது தாண்டிவிட்டது. ஆத்தா எப்போதோ போய்விட்டாள். அவன் அந்த வெறும் தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து போனான். சொல்லுவான் என்று அவள் நம்பவில்லை. நம்பி நம்பி அவளுக்கு வெறுத்துப்போயிருந்தது.

அந்த மாசியில் காமனை எரித்த மூன்றாம் நாள் காலை பத்து மணி. நல்ல வெயில். பொட்டலில் சனம் நிறைந்திருந்தது. மன்மதனை எழுப்புவதற்கு முன்னால் கணேசமூர்த்திக்குப் பிரியாவிடை மாலை போட்டார்கள். அவர் எழுந்து நாலு வார்த்தை பேசினார். பேச வேண்டியதைப் பேசிவிட்டு உட்கார்ந்திருந்தால் ஒன்றுமில்லை. வாலிபப் பையன்களைப் பார்த்து, "அழகனப் பாருங்க, எவ்வளவு பேரு எடுத்துட்டான். மரத்துலருந்து விழுந்து செத்தானே செல்லசாமி, அவனமாதிரி குடிச்சு அழிஞ்சுறாதீங்கப்பா" என்று புத்தி சொன்னார்.

மேட்டுக் கானோரம் நின்ற பேச்சியம்மாவுக்குக் காது அடைத்துக்கொண்டது. ரதி இருந்த இடத்தைப் பார்த்தாள். அழகனும் தலையைத் தூக்கி அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஈஸ்வரன் வேஷத்தில் ஆண்டியப்பன் வந்து நின்று, ராகம் போட்டு, "பெண்ணே ரதியே, உனக்கு என்ன வரம் வேண்டும்?" என்று கேட்டார்.

அழகன் எழுந்தான். ரதிக்கு உள்ள மெல்லிய குரல் இல்லை, சொந்தக் குரலில் பேசினான்.

"செல்லசாமி குடிக்கல. அன்னைக்கு அவன் தின்னது ரெண்டு ரொட்டியும் சாயத்தண்ணியும். பக்கத்துல ஒக்காந்து நானும் தின்னேன். மரம் வழுக்குது, ஏறமாட்டேன்னான். பயமா இருந்தா பொண்டாட்டி சேலையக் கட்டிக்கிட்டுக் கொழுந்தெடுக்கப் போடான்னாரு ஐயா. ஒரு கூட்டமே சிரிக்கிற மாதிரி அவரு சிரிச்சாரு. அப்புறந்தான் செல்லசாமி ஏறுனான். சாராயம் மணந்துச்சுன்னு நான் துரைகிட்ட சொன்னது பொய். இத இந்த ஊரு ஒத்துக்கிறணும். அதுதான் வரம்."

மன்மதனை எழுப்புகிற வரைக்கும் ரதியின் பேச்சில் யாரும் குறுக்கே பேசக்கூடாது. கணேசமூர்த்தி எழுந்தார், அந்தக் கட்டு ஞாபகம் வந்தோ என்னவோ மறுபடி உட்கார்ந்தார். ஆண்டியப்பன் திருதிருவென்று விழித்தார். முப்பது வருஷமாக அந்த இடத்தில் அவருக்குத் தெரிந்த வார்த்தை ஒன்றுதான். அதையே சொல்லிவிட்டார்.

"தந்தோம்."

அப்போதுதான் பேச்சியம்மா கானைத் தாண்டிப் பொட்டலுக்குள் இறங்கினாள். கட்டாவது மண்ணாவது. ஒரு பெண் தடுக்கக் கையை நீட்டினாள், வேலாயி அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள். பேச்சியம்மா நேராக அழகன் முன்னால் போய் நின்றாள். அவன் அழுதுகொண்டிருந்தான். நாற்பது தடவை சொல்லிக் கொடுத்த அழுகை இல்லை, மூக்கு ஒழுகுகிற அழுகை.

"சேலையக் கட்டிக்கன்னாரா?" என்று கேட்டாள்.

"ஆமாக்கா."

"அது தெரிஞ்சுதான் பன்னெண்டு வருஷமா இதக் கட்டிக்கிட்டு நின்னியா?"

அவன் அந்த முந்தானையிலேயே மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

"கழட்டு. என் சேலைய எனக்குக் குடு. நீ எனக்காக அழுதது போதும்."

நானூறு பேர் பார்க்க அவன் கொசுவத்தை உருவி, சேலையைக் கழற்றி, மடிக்கப் போனான். மடிக்க விடாமல் அவள் பிடுங்கிக்கொண்டாள். அரைக்கால்சட்டையும் ரவிக்கையுமாக அவன் நின்றான். யாரும் சிரிக்கவில்லை.

திரும்பிப் போகும் வழியில் கணேசமூர்த்தியின் நாற்காலி இருந்தது. மாலை கழுத்தில், லேஞ்சி கையில். பேச்சியம்மா அவர் முன்னால் நின்று சேலையை நீட்டிக் காட்டினாள்.

"இதக் கட்டுனாக் கேவலமா ஐயா? மாசிக்கு மாசி இதப் பாத்துத்தானே அழுதீங்க."

அவர் லேஞ்சியை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். அவள் சேலையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வந்த வழியே போகாமல், பொட்டலின் நடுவிலேயே நடந்து லயத்துக்குப் போனாள். அவள் எதிரில் வந்த பெண்கள் ஒருத்தியும் ஒதுங்கி நிற்கவில்லை. அந்த வருஷம் மன்மதனை ரதி இல்லாமல்தான் எழுப்பினார்கள்.